நின்றபடியே வாசித்த சாராளம்மாள்

சென்ற வாரம் ஒரு காலை, கிராமத்துக்குப் புறப்படுவதற்காகப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் அடுக்கிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டிவிட்டார். அப்போது ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்த ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்தார். தாம் சாராளம்மாளின் கணவர் தாவீது அவர்களின் தம்பி என்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி விடியக்காலம் போய்ட்டாங்க. மொதல்ல ஒங்ககிட்ட சொல்லிட்டு வரச்சொல்லி அண்ணன் அனுப்ச்சாரு."

வண்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஆம்பூருக்குப் போனேன். வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு போனவற்றையே இங்கே எழுதுகிறேன். சாராளம்மாள் அவர்களை அறிந்தவர்கள் இந்த ஜில்லாவில் அநேகர். ஆனால் அறிந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நானும் அவர்களும் வேலூரில் ஒரே பெண்கள் பள்ளியில், ஒரே விடுதியில் படித்தோம். அவர்களுடைய தந்தை ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். எத்தனை குளித்தாலும் அந்த வாசனை அவரை விடாது. சில பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சாராளம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே போய், சுண்ணாம்பு அரித்த அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து பேசுவார்கள். சத்தமாகத்தான் பேசுவார்கள்.

ஆர்மோனியம் அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளி ஆர்மோனியத்தைத் துடைத்து வைக்கிற வேலை அவர்களுடையது. துடைக்கிற சாக்கில் வாசித்துப் பழகிக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் ஜெபக் கூட்டத்துக்கு அவர்களே வாசிக்கும்படி ஆயிற்று.

நான் பிரசவம் பார்க்கும் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அவர்கள் தாவீது அவர்களை மணந்து ஆம்பூருக்குப் போய்விட்டார்கள். அவரும் தோல் ஷாப்பில்தான் வேலை. சில வருஷங்களுக்குப் பிறகு எங்கள் டாக்டரம்மா கிராமங்களுக்கு வண்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். பிரசவத்தில் சுத்தம், காய்ச்சிய தண்ணீர், கத்தியைக் கொதிக்கவைத்து அதன் பிறகு தொப்புள்கொடியை அறுப்பது, இவற்றைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நான் போனேன். ஒருவரும் வெளியே வரவில்லை. யாரோ ஆஸ்பத்திரிக்காரி, மருந்து கொடுத்து மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். பாட்டு இருந்தால் வருவார்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, சாராளம்மாளை வரவழைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

அவர்கள் பாடியது வேதப் பாட்டு அல்ல. கும்மி மெட்டில், தாலாட்டு மெட்டில், தாங்களே கட்டிய பாட்டுகள். ஆர்மோனியச் சத்தம் கேட்டதும் முதலில் குழந்தைகள் வரும், பிறகு அவற்றைத் தேடிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். பாட்டு முடிந்தபிறகு நான் பேசுவேன்.

ஒரு மழைக்காலத்தில் ஒடுகத்தூர்ப் பக்கம் ஓடையைக் கடக்கும்போது வண்டி குடை சாய்ந்தது. சாராளம்மாள் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். கையை ஊன்றியிருந்தால் தப்பியிருக்கலாம். முழங்கால் பாறையில் மோதியது. தூக்கி உட்கார வைத்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொட்டி நனஞ்சிதா?" என்பதுதான். பெட்டி நனையவில்லை. அந்தக் காலோ அதற்குப் பிறகு மடங்கவில்லை.

தரையில் உட்கார்ந்து வாசிப்பது முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முக்காலியும் பெட்டியை வைக்க ஒரு சின்ன மேஜையும் கொண்டுபோனோம். இரண்டு மூன்று ஊர்களில் பிரச்சினை இல்லை. மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில்தான் வந்தது. அங்கே மணியக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பாடட்டும், வைத்தியம் சொல்லட்டும். வேணாங்கல. ஆனா எங்க எதிர்ல இவ ஆசனத்துல ஒக்காரக்கூடாது. எழுந்திரி."

அவர்கள் எந்தத் தெருவில் பிறந்தவர்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சாராளம்மாள் எழுந்தார்கள். தரையில் காலை மடக்கி உட்கார முடியாது, முக்காலியில் உட்காரக் கூடாது என்றால் எப்படி வாசிப்பது? பெட்டியை மூடினோம். பெண்கள் கலைந்து போனார்கள். நான் பேசவேண்டியதைப் பேசாமலே திரும்பினோம். அடுத்த மாதமே அந்த ஊரில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண் ஜன்னி கண்டு இறந்துபோனாள். துருப்பிடித்த அரிவாளால் கொடியை அறுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதைக் கேட்ட நாளில் சாராளம்மாள் சாப்பிடவில்லை. தரையில் உட்காரக்கூடிய வேறொரு பெண்ணை அழைத்துக்கொள்ளலாமே என்று ஆஸ்பத்திரியில் சிலர் சொன்னார்கள். நியாயமான யோசனைதான். அவர்களும் மறுக்கவில்லை. மடக்கி எடுத்துப் போகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு கிடைக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் நானே விலகிக்கொள்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கினார்கள். நானும் அவர்களும் பஜாரில் வாத்தியக் கடை வைத்திருந்த பாயிடம் போனோம்.

பாய் நல்ல மனிதர். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முதலாவது தேக்கு. நான்கு கால்களையும் திருகிக் கழற்றலாம். பார்க்க அழகாக இருந்தது. ஒரு கால் எங்காவது வண்டியிலிருந்து விழுந்துவிட்டால் மற்ற மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சாராளம்மாள் அதை ஒதுக்கினார்கள். இரண்டாவது இரும்பு. உறுதியானது. அதைத் தூக்கிப் பார்த்த நான் உடனே கீழே வைத்துவிட்டேன். மலைப்பாதையில் வண்டி போகாத இடங்களில் நாங்கள்தானே சுமக்க வேண்டும்.

மூன்றாவது குட்டையானது. மடக்கினால் ஒரு சிலேட்டுப் பலகை கனத்துக்கு வந்துவிடும். அதோடு சேர்ந்த மடக்கு முக்காலியும் உண்டு. டாக்டரம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"இத எட்த்துக்கோங்கம்மா. எடம் கம்மி, கனம் கம்மி. ஒக்காந்து வாசிக்கறதுக்குத் தோதா இருக்கும்" என்றார் பாய்.

சாராளம்மாள் அதை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, நின்று வாசிக்கிற உயரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை. கால் சரியில்லாதவர்கள் ஏன் நின்று வாசிக்க வேண்டும்? பாயும் அதையே கேட்டார். சாராளம்மாள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்கள்.

"ஒக்காந்தாத்தானே கிரேஸம்மா எழுந்திரிம்பாங்க? நின்னுக்கினு இருக்கிறவள இன்னா பண்ணுவாங்க?"

கடையின் பின்கட்டிலிருந்து பாய் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். ஏதோ நாடகக் கம்பெனி செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போனதாம். பெருக்கல் குறி போலக் குறுக்கே மடங்கும் இரண்டு ஜோடிக் கால்கள், நல்ல உயரம். மடக்கினால் கழிக்கட்டு போல ஆகிவிடும், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கால்கள் விரிந்து போய்விடாமல் நடுவில் ஒரு நாடா கட்டியிருந்தது. சாராளம்மாள் கடை ஆர்மோனியத்தை அதன்மேல் ஏற்றச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி ஆர்மோனியத்தின் மேலேயே வைத்தார்கள். இடது கையால் துருத்தியைத் தள்ளித் தள்ளி வாசித்தார்கள். நாடா இளகி, ஸ்டாண்டு ஆட ஆரம்பித்தது. தண்ணீர் சிந்தியது.

போயிற்று என்று நினைத்தேன். அவர்கள் குனிந்து நாடாவை மட்டும் இழுத்துப் பார்த்தார்கள். மரத்தில் குற்றமில்லை, நாடாதான் இளகுகிறது, இதற்குத் தோல்வார் போட்டால் நிற்கும் என்றார்கள். தோலுக்கு எங்கே போவது என்று அவர்களிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஸ்டாண்டையே எடுத்துக்கொண்டு வந்தோம். ஆம்பூரில் தாவீது அவர்கள் எருமைத்தோலில் அகலமான வார் அறுத்து, எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஆணி அடித்துக் கொடுத்தார். மறுபடியும் டம்ளர் வைத்தார்கள். ஒரு பாட்டு முழுவதும் வாசித்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அன்று அவர்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

அதே மலையடிவாரக் கிராமத்துக்குத்தான் முதலில் போகவேண்டும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம். மரத்தடியில் ஸ்டாண்டை விரித்து, பெட்டியை வைத்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். நின்று வாசித்ததால் சத்தம் தூரம்வரை போயிற்று. கடைசி வீட்டுப் பெண்கள்கூட வந்துவிட்டார்கள். மணியக்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், சாராளம்மாளைப் பார்த்தார். கயிற்றுக் கட்டிலை எடுத்துவரச் சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நானும் பேசவேண்டிய எல்லாவற்றையும் பேசினேன்.

பிறகு மாதம் தவறாமல் போனோம். மணியக்காரரின் மருமகளே ஒரு நாள் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள், நிறைமாதம். அவளுக்கு வலி எடுத்தபோது வண்டி கட்டி எங்களை அழைத்துப் போனார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. என்னிடம் படிப்பு இருந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் பயத்தை அடக்க அது போதவில்லை. சாராளம்மாள் கதவுக்கு வெளியே நின்றபடி, அவள் கூட்டத்தில் கேட்டுப் பழகிய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளும் முனகலோடு முனகலாக அதைச் சொன்னாள். குழந்தையைத் திருப்ப எனக்கு அவகாசம் கிடைத்தது. மத்தியானம் தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, மணியக்காரர் வாசலில் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். சாராளம்மாளின் முகத்தைப் பார்க்காமலே, "ஒக்காரும்மா" என்றார்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டியில், ஏன் உட்கார்ந்தீர்கள், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"காலு வலிக்குது கிரேஸம்மா. ஒக்காருன்னா ஒக்கார வேண்டியதுதானே" என்றார்கள். சிறிது தூரம் போனபிறகு, "நாம இந்தாண்ட வந்ததும் பலகைய கழுவியிருப்பாங்க. கழுவட்டும். நான் ஒக்காந்தது ஒக்காந்ததுதான்" என்றார்கள்.

அதற்குப் பிறகும் பல வருஷங்கள் நாங்கள் ஆலங்காயத்திலிருந்து கலவை வரைக்கும் போகாத பாதை இல்லை. போன வருஷம் நெஞ்சுவலி கண்டு ஆம்பூரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களோடு போன இடங்களில் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள். அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் பெயர் வந்தது. கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். நன்றி என்று நான் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னபோது, நீங்கள் பேசுவதைக் கேட்கத்தான் நானும் வருகிறேன் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள்.

அடக்கம் மாலையில் நடந்தது. தோல் ஷாப்புகளிலிருந்து ஆட்கள் வேலை உடையோடே வந்திருந்தார்கள். தாவீது அவர்கள் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து குழியை மூடியபிறகு, நான் அறியாத ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். கையில் அப்போதுதான் பிடுங்கிய பச்சை வேர்க்கடலைச் செடிகள், ஒரு கட்டு. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவள். சாவு விஷயம் தெருமுனையில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வேவச்சுக் குடுக்கலாம்னு எட்த்தாந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு, "இனிமே எங்க ஊருக்கு யார் வருவாங்க?" என்று கேட்டாள்.

நான் வருகிறேன் என்றேன். பாடத் தெரியாது, ஆனால் வருகிறேன் என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, மண் உதிராத அந்தச் செடிகளைப் புதிய மண்ணின்மேல் வைத்தாள்.

சாராளம்மா, இளைப்பாறுங்கள். உங்களை எனக்குத் தோழியாகத் தந்த கடவுளுக்கு ஸ்தோத்திரம். அந்தப் பெண்ணின் ஊர்ப் பேரைக் கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் புறப்படும் முதல் வண்டி அங்கேதான்.