பனைநேரி பஸ்ஸில் தெற்குத் தெரு முறை

காலை 9.20. மதுரைக்குப் போகும் என் பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். மதுரையில் மாலை ரயிலுக்குப் பதிவு செய்த டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்த ஆவணி மாதம். சங்கரன்கோவிலில் கோயிலை நேற்றே பார்த்தாகிவிட்டது, பஸ் நிலையத்தில் முப்பது காசு டீயையும் இரண்டு முறை குடித்தாகிவிட்டது. அச்சகத்தில் பிழை திருத்துபவனுக்குச் சும்மா இருக்க வராது. எதிரே நின்ற ஒரு பழைய வண்டியின் பலகையில் சாக்பீஸால் ‘பனைநேரி’ என்று எழுதியிருந்தது. கேள்விப்படாத பெயர் என்பதாலேயே பிடித்துப்போயிற்று.

“எவ்வளவு தூரம்?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“பதினாறு கிலோமீட்டர். அங்கன போயி அரை மணிக்கூறு நிக்கும். பதினொண்ணே முக்காலுக்கு இங்கன திரும்பிரும். ஏறுங்க.”

டிக்கெட் எழுபத்தைந்து காசு. நோட்டில் குறித்துக்கொண்டேன். கண்டக்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரிடம் போய் ஏதோ சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு முன் வரிசையில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் சொல்லாமலே எழுந்து பின்னால் போனார். என் முகத்தில் அப்படி என்ன களை என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

9.30. வண்டி கிளம்பியது. உள்ளே ஒரு பூக்கூடையும் இல்லை, ஆனால் வண்டி முழுக்க மல்லிகை வாசம். காலை எட்டு மணி நடையில் பூ ஏற்றி வந்த வண்டி என்று பிறகு தெரிந்தது. இறக்கிய பூவின் வாசம் சீட்டுக்கடியில் தங்கிவிட்டிருந்தது. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டியதும் மேல்காற்று ஜன்னலில் அடித்தது. தூரத்து மலை இருக்கிறதா, மேகம்தானா என்று சொல்ல முடியவில்லை. கண் செருகியது.

அரைத் தூக்கத்தில்தான் கவனித்தேன். வண்டி நிறைய ஆட்கள், ஆனால் யார் கையிலும் பை இல்லை. ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் ஒரு முறுக்குப் பொட்டலமாவது இருக்குமே! இவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கனவில் வரும் பஸ் இப்படித்தான் இருக்கும். எங்கே போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் தார் ரோட்டை விட்டுச் சரல் ரோட்டில் திரும்பினோம். இன்னும் ஏழு கிலோமீட்டர். முதல் பாதி எலும்பைக் கழற்றியது, பின்பாதி தாலாட்டியது. ‘முன்பாதியை ஊர்க்காரர்கள் போட்டிருப்பார்கள், பின்பாதி சர்க்கார் வேலை’ என்று நோட்டில் எழுதினேன்.

10.25. பனைநேரி. வறண்ட குளம், கரையில் பனைகள், வண்டி திரும்ப ஒரு ஆலமரத்தடி. நான் இறங்குவதற்குள் ஒரு நாற்காலி வந்தது. ஐஸ் இல்லாத ஆரஞ்சுக் கலர் ஒரு பாட்டில் வந்தது. பாதி குடித்திருப்பேன், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கூப்பிய கையோடு எதிரே நின்றாள். பெயர் செல்லத்தாய், முப்பது சென்டில் மல்லிகை போட்டிருப்பவள்.

“ஐயா, வண்டிய மட்டும் நிப்பாட்டிராதிய. இது இல்லன்னா தார் ரோடு வரைக்கும் ஏழு கிலோமீட்டர் கூடையச் சுமந்து நடக்கணும். வெயில் ஏறி மொக்கு வாயைத் திறந்துட்டா, யாவாரி தொட்டுக்கூடப் பாக்க மாட்டான். எட்டு மணி வண்டிய நம்பித்தான் நான் கடன உடன வாங்கிச் செடி வச்சேன்.”

“இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?”

“நீங்க டிப்போ ஆபீசர்லா? கண்டக்டர் சொன்னாரு. ஏறுனதுலேர்ந்து எழுதிக்கிட்டே வாரியளாமே.”

மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் வேலை, லீவில் ஊர் சுற்ற வந்தவன் என்று சொன்னேன். கையில் பாதிக் கலர். குடித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மீதியைக் குடிக்கவும் முகம் இல்லை. வெட்கத்தில் கூசிப்போனேன்.

“அப்ப ஒரு கலரு வீணாப் போச்சேவே!” என்றது ஒரு குரல். முதலில் சிரித்தவள் செல்லத்தாய்தான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள். காலை நடைக்குப் பூக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பூவை விற்றுவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார்கள். நடுவில் வண்டி காலியாகப் போய் வருகிறது. காலி வண்டிக்கு டீசல் போட்டு மாளாது, ஓர் ஆபீசர் வந்து பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார் என்று டிப்போவிலிருந்து சேதி கசிந்தது. மாடசாமி என்பவர் இந்த ஊர் நீர்பாய்ச்சி. குளத்தில் தண்ணீர் இருந்தால் எந்த வயலுக்கு எந்த நாள் மடை திறப்பது என்று முறை வைப்பது அவர் வேலை. குளம் வறண்டதில் சும்மா இருந்தவர் பஸ்ஸுக்கு முறை வைத்துவிட்டார்.

“திங்க வடக்குத் தெரு, செவ்வா நடுத்தெரு, இன்னைக்குத் தெக்குத் தெரு,” என்றார் மாடசாமி. “வீட்டுக்கு ஒரு ஆளு. சோலி இருக்கோ இல்லியோ, ஏறிப் போயிட்டு வரணும். தண்ணிக்குச் சண்ட போட்ட பயலுவகூட இதுக்குப் போடல அண்ணாச்சி.”

“ரோட்டின் பின்பாதி நன்றாக இருக்கிறதே?”

“அது நாங்க போட்டதுலா! பஞ்சாயத்து யூனியன்ல பாதி ரோட்டுக்குத்தான் பணம் வந்துது. மிச்சத்துக்கு வீட்டுக்கு மூணு வண்டி சரல் அடிச்சோம்.”

நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவன் நான்.

10.55. வண்டி திரும்பியது. அதே முகங்கள் அதே சீட்டுகளில். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வரும்போது எனக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பும்போதும் தூங்கினார். பஸ்ஸில்தான் அவருக்கு நல்ல தூக்கம் வருகிறதாம். காலை வண்டியில் மற்றவர்களிடம் கொடுத்துவிட்ட பூவுக்குக் காசு வாங்கிவர செல்லத்தாயும் ஏறியிருந்தாள். மெட்ராஸில் தினமும் படியில் தொங்கிக்கொண்டு கூட்டத்தைத் திட்டுகிறேன். நாளைக்கு அந்த பஸ் வருமா என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்தக் கூட்டம் குறையக் கூடாதே என்று முதல் தடவையாக மனம் அடித்துக்கொண்டது.

11.45. சங்கரன்கோவில். மதுரை வண்டி வந்து நின்றிருந்தது. காலையில் டீக்கடையில் விட்டுப்போன பெட்டியை எடுத்து மேலே ஏற்றிவிட்டு, சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, விடைபெறுவதற்காகக் கீழே இறங்கினேன். பன்னிரண்டு மணிக்குப் பனைநேரி வண்டி மறுபடி புறப்பட வேண்டும். எங்களோடு வந்திருந்த மாடசாமி படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். “மூணு பேரக் காணும். சும்மா வந்த பயலுவளுக்கு இன்னைக்குன்னு பாத்து ஒரு சோலி வந்துட்டு!” என்று பல்லைக் கடித்தார். நூல் கடைக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையில் ஃபைலோடு ஏறினார். கண்டக்டரின் கை தானாக நெற்றிக்குப் போனது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர் நடு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இன்னும் இரண்டு. என்னிடம் அவ்வளவு பேசியவர்கள், அவர் அருகில் போய் உட்காரத் துணியாமல் உறைந்திருந்தார்கள். செல்லத்தாய் மடியில் காசு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவர் ஃபைலைத் திறந்து, தலையை ஒரு சுற்றுச் சுற்றி, காலி இடங்களைப் பார்த்தார்.

மதுரை வண்டி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் பெட்டியை இறக்கிக்கொண்டு, பனைநேரி வண்டியில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வண்டியிலேயே சாமானோடு இருந்தவன் நான் ஒருவன்தான்.

“பனைநேரி ஒண்ணு,” என்றேன். கண்டக்டர் முகத்தை மாற்றாமல் டிக்கெட் கிழித்தார்.

“இந்நேரத்துக்கு அந்த ஊர்ல என்ன சோலி?” என்று கேட்டார் ஆபீசர்.

மதுரை வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. என் துண்டும் அதில் போயிற்று.

“லீவுக்கு வீட்டுக்குப் போறேன்,” என்றேன்.

அவர் தலையசைத்து ஏதோ எழுதினார். நான் என் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.