ஏப்ரலில் வாங்காத சைக்கிள்

இன்று காலை இல்ஃபோர்ட் ஸ்டேசன் வாசலில் ஒரு பெண், குதியுயர்ந்த சப்பாத்தோடு, நடைபாதையில் சரிந்து கிடந்த வாடகைச் சைக்கிள் ஒன்றை நிமிர்த்தி அதற்குக் கைபேசியைக் காட்டினாள். அது கீச்சென்றது. ஏறிப் போய்விட்டாள். நான்கு வினாடி இருக்கலாம். ஓய்வூதியக்காரனுக்கு இப்படியானவற்றை எண்ணிப் பார்க்க நேரமுண்டு. 2009இல் எனக்கு ஒரு சைக்கிளில் ஏறுவதற்கு ஆறு மாதம் பிடித்தது.

அப்போது எனக்கு ஐம்பத்துமூன்று வயது. அதுவரை சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் படித்தவன் இப்படிச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. வீட்டில் நின்ற ஒன்றை அண்ணன் எடுத்துப் போய்விடுவார். நான் ஏழு வருடமும் கிருபையின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். கிருபை என் வகுப்புத் தோழன். அவன் பெடலை உழக்குவான், நான் பாரில் இருந்தபடி வழி சொல்வேன். நான் பிற்காலத்தில் நிர்வாக உத்தியோகத்துக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்பது அவனுடைய கட்சி.

எண்பதுகளில் அவன் ஜெர்மனிக்குப் போனான், நான் இங்கே லண்டனுக்கு வந்தேன். ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடத்துக்கு மேல் எலெக்ட்ரீசியனாக இருந்துவிட்டு, ஒருவழியாக அவனும் லண்டனுக்கு வந்து ஃபாரஸ்ட் கேட்டில் குடியேறினான். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இனி என்ன, கிழவர்களாகும் வரை பக்கத்திலேயே இருக்கப்போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் அவன் மனைவியின் சகோதரர்கள் எல்லோரும் டொரன்ரோவில். கனடாவில் குடியேறுவதற்கான பத்திரங்கள் சரிவந்துவிட்டன. ஆகஸ்ட் கடைசியில் பயணம்.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அதைச் சொல்லத்தான் வந்தான். வந்தது றேசிங் சைக்கிளில். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு. கதவைத் திறந்த என் மனைவி உடனே திரும்பி நின்று, "அண்ணை, உள்ளுக்கை வந்து ஒரு சாரத்தைக் கட்டுங்கோ" என்றாள்.

சாரத்தைக் கட்டிக்கொண்டு தேநீர் குடித்தபடி திட்டத்தைச் சொன்னான். போவதற்கு முன் இருவரும் சவுத்எண்ட் கடற்கரை வரைக்கும் சைக்கிள் ஓடவேண்டும். முப்பது மைலுக்கு மேல். அதற்குப் பழக்கமாக, ஞாயிறுதோறும் எப்பிங் காட்டுப்பக்கம்.

"இந்தமுறை பாரிலை ஏத்தமாட்டன். உன்ரை சைக்கிளிலை எனக்குப் பக்கத்தாலை வா. ஒருக்காலாவது."

"வாறன்" என்றேன். அந்தச் சொல்லை நான் முழு மனதோடுதான் சொன்னேன்.

ஃபாரஸ்ட் கேட் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே அப்போது ஒரு சைக்கிள் கடை இருந்தது. உள்ளே போனால் புது ரப்பர் மணமும், எண்ணெய் மணமும், கடைக்காரன் எந்நேரமும் காய்ச்சுகிற கோப்பி மணமும். ரப்பர் மணத்துக்கு மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு அலுவலக முத்திரைதான் ஞாபகம் வரும். நான் ஒரு நகரசபைக் கவுன்சிலில் ஊழியர் சலுகைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சைக்கிளில் வருவோருக்கான திட்டமும் என் மேசையில்தான். சைக்கிளை அலுவலகம் வாங்கித் தரும், வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிச்சம். ஆயிரம் பவுண்ஸ் உச்சவரம்பு. வருடத்தில் இரண்டே முறை, ஏப்ரலிலும் செப்ரெம்பரிலும்தான் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு சாத்தப்படும், விதிவிலக்கு இல்லை. அந்தக் கடைசி வசனத்தை எழுதியவன் நான்தான். நல்ல வசனம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆக, எனக்கு ஒரு மாதம் முழுதாக இருந்தது. கடையில் மூன்று சைக்கிள்களைத் தெரிந்து வைத்தேன். நானூறு, எழுநூற்று நாற்பது, தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கடைசி விலையை வைத்தவன் எங்கள் உச்சவரம்பை நன்றாக அறிந்தவன். நானூறைத் தூக்கிப் பார்த்தேன், கிருபை என்னை எங்கே விட்டுப் போவான் என்பது தெரிந்தது. ஆயிரத்தை ஒரு விரலால் தூக்கினேன், பிறகு அதை எங்கே நிறுத்துவது என்ற கவலை வந்தது.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம். எதை வாங்கினாலும் கண்டவுடன் கேட்பது "எவ்வளவு?" வீடென்றால் கூட்டிச் சொல்லவேண்டும். சேலையென்றால் கோயிலில் கூட்டியும் வீட்டில் குறைத்தும் சொல்லவேண்டும். சைக்கிளுக்கு ஒரு விதியும் இல்லை. ஆயிரம் என்றால், "அதுக்கு நல்ல பழைய கார் எடுக்கலாமே" என்பார்கள். நானூறு என்றால், வேலை போய்விட்டதோ என்று விசாரிப்பார்கள்.

கிருபையிடம் கேட்டேன். "அரை மாசச் சம்பளம்" என்றான். "அதுக்குக் கீழை வாங்கினா ஓடமாட்டாய். மேலை வாங்கினா வெளியிலை எடுக்கமாட்டாய்."

"எந்தச் சம்பளம்? வரிப் பிடிப்புக்கு முந்தியோ, பிந்தியோ?"

"டேய், நீ சைக்கிள் வாங்கப்போறியோ, காணி வாங்கப்போறியோ?"

மூன்று வாரம் ஒப்பிட்டேன். நிறை, பல்லுச் சக்கரம், ரயரின் அகலம் என்று ஒரு பெரிய அட்டவணை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிருபை காட்டுப்பக்கம் போகும்போது எங்கள் வாசலில் நின்று மணியடிப்பான். நான் யன்னலால் எட்டிப் பார்த்து, "முடியப்போகுது" என்பேன்.

ஏப்ரல் முடிய இரண்டு நாள் இருக்கையில் எழுநூற்று நாற்பதைத் தீர்மானித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரன் விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய விலைத்தாளை எழுதித் தந்தான். அதோடு வந்திருக்கவேண்டியது. வாசல் வரை வந்தவன் திரும்பி, "கரியர் எங்கே?" என்று கேட்டேன். இந்தச் சைக்கிளின் சட்டத்தில் கரியர் பூட்டத் துளையே இல்லை என்றான். "அப்படியானால் ஸ்டாண்ட்?" அவன் என்னை ஒருவிதமாகப் பார்த்தான். கரியரும் ஸ்டாண்டும் இல்லாமல் எழுநூற்று நாற்பது பவுண்ஸ் கொடுப்பதற்கு என் பிறப்பு இடந்தரவில்லை. சட்டத்தில் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்ட் ஒன்று உண்டென்று கட்டலோக்கில் கண்டுபிடித்து, அதையும் சேர்த்துத் தாளைத் திருத்தி எழுதச் சொன்னேன். அவன் மொத்த வியாபாரியிடம் விலை கேட்கவேண்டும். ஸ்டாண்டின் விலை பன்னிரண்டு பவுண்ஸ். திருத்திய தாள் மே முதலாந் திகதி காலையில் வந்தது.

என் பிரிவில் தர்ஷினி என்றொரு பிள்ளை வேலை செய்தாள். லண்டனிலேயே, தோர்ண்டன் ஹீத்தில் பிறந்து வளர்ந்தவள், அலுவலகத்திலும் என்னை அங்கிள் என்றே கூப்பிடுவாள். தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், நேத்து டேட் போட்டு எடுக்கட்டா? ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, பிள்ளை."

"சீரியஸா? ரூல் எழுதினதும் நீங்க, மாட்டினதும் நீங்களா?"

முந்திய செப்ரெம்பரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒரு நாள் பிந்திக் கொண்டுவந்த படிவத்தை இதே மேசையில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தேன். பஸ்சுக்குக் காசு கட்டுப்படியாகவில்லை என்று அவள் சொன்னதும் ஞாபகம் இருந்தது. என் படிவத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

காசைக் கொடுத்து வாங்கியிருக்கலாம்தான். கையில் இருந்தது. கிருபை அதைத்தான் சொன்னான், கொஞ்சம் கெட்ட வார்த்தைகளோடு. "மூண்டிலொரு பங்கை நான் தாறன், எடடா!" திட்டம் இருக்கும்போது முழு விலை கொடுப்பது மூளையில்லாதவன் வேலை என்று நான் விளங்கப்படுத்தினேன். செப்ரெம்பருக்கு நாலு மாதந்தானே என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆகஸ்ட் எனக்கு உறைத்தது. அப்போதுகூட நான் கடைக்குப் போகவில்லை. இதற்கு இன்று வரை என்னிடம் ஒரு விளக்கம் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.

ஜூலையில் அவன் தனியாகச் சவுத்எண்டுக்குப் போய்வந்தான். மூக்கு வெயிலில் கறுத்து உரிந்திருந்தது.

"எப்பிடியடா கடல்?"

"நிண்டது. உன்னைக் கேட்டது."

ஆகஸ்ட் கடைசியில் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். செப்ரெம்பர் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு முதல் விண்ணப்பம் என்னுடையது. அடுத்த வருடத்து மொடல் வந்து விலை எண்பது பவுண்ஸ் ஏறியிருந்தது. ஸ்டாண்டைக் கேட்கவில்லை. ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, மூன்று இடத்தில் இறங்கி உருட்டி, சவுத்எண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நீர் வற்றும் நேரம். கடல் ஒரு மைல் உள்ளே போயிருந்தது. சேற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு றோல்ஸ் தின்றுவிட்டு, ரயிலில் திரும்பினேன்.

ரயில் பாலத்துக் கீழ்க்கடையில் இப்போது பியர் வடிக்கிறார்கள். எங்கள் அலுவலகக் கட்டடத்தை வீடுகளாக்க விற்றுவிட்டார்கள், என் மேசை நின்ற மாடியில் யாரோ சமைக்கிறார்கள். தர்ஷினி பிறகு என் பதவிக்கு வந்து, முதல் வேலையாக அந்த ஏப்ரல், செப்ரெம்பர் விதியை எடுத்துவிட்டாள். வருடத்தில் எந்த நாளும் விண்ணப்பிக்கலாமாம். தொலைபேசியில் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள், நல்ல பிள்ளை. என் சைக்கிளைப் போன வருடம் கொடுத்துவிட்டேன். குனிந்து ஓட இடுப்பும் நாரியும் இடந்தருவதில்லை. கிருபைக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. டொக்டர் சொன்னபடி, வீட்டின் நிலக்கீழ் அறையில், நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு சைக்கிளைத் தினமும் உழக்குகிறான். போன கிழமை தொலைபேசி எடுத்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்னடா செய்யிறாய்?"

"சவுத்எண்டுக்குப் போறன். இன்னும் ஆறு மைல் கிடக்கு."

"நில்லு, நானும் வாறன்."

"நீ படிவத்தை நிரப்பிப்போட்டு ஆறுதலா வா" என்றான்.