நாலாவது பல்

நான் அவனை அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி நம்பவில்லை. நீங்களும் நம்பாமல் போகலாம். ஆனால் இது பட்டப்பகலில், என் வீட்டு ஷெட்டில், என் கண்ணெதிரே நடந்தது. கண் காது மூக்கு வைத்து எதையும் சொல்லவில்லை.

எனக்குப் பல் செய்யும் வேலை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். உடைந்த பல்லின் மேல் மாட்டும் கேப்பை நான் செய்து கொடுப்பேன். ஒவ்வொரு கேப்பின் உட்புறத்திலும் ஊசியால் இரண்டு கோடு கீறிவிடுவேன். என் கைவேலை என்று எனக்குத் தெரிவதற்காக மட்டும். வாயில் மாட்டியபின் அதை யாரும் பார்க்க முடியாது.

ஞாயிறு வந்தால் எனக்குப் பழைய கார் பைத்தியம் பிடித்துவிடும். ஒருவர் தோட்டத்தில் முப்பது வருடம் துருப்பிடித்துக் கிடந்த காரை இழுத்து வந்து, என்ஜினைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டியிருந்தேன். உள்ளே எல்லாம் இறுகிப்போய், சுற்றவே மாட்டேன் என்றது. எனக்குத் துணை என் மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். வாட்டசாட்டமான உடம்பு, மூக்குமேல் கோபம். முந்தின மாதம்தான் எவனோடோ கைகலந்து முன்பற்கள் மூன்றை உடைத்துக்கொண்டு வந்தான். மூன்று கேப்களையும் நான்தான் செய்து கொடுத்தேன்.

அன்று மதியம் 3.10. அவன் சிகரெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டை நான் கழற்றினேன். போல்ட்டுகளின் மேல் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. முப்பது வருடத்தில் எந்த ஸ்பானரும் அவற்றைத் தொட்டதில்லை.

தட்டில் தார் மாதிரிக் கசடு. விரல்விட்டுத் துழாவினேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. உடைந்த போல்ட் என்று நினைத்தேன்.

பல்.

மண்ணெண்ணெயில் கழுவினேன். மொத்தம் நான்கு. மூன்று கேப்கள். ஒன்று மட்டும் நிஜப் பல், வேரோடு, ஓரத்தில் சொத்தைக்கு அடைப்பு வைத்தது. கேப்களைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் உட்புறத்தில் இரண்டு கோடு...

அவன் உள்ளே வந்தான்.

"மாப்ள, கொஞ்சம் சிரி."

"என்ன மாமா, போட்டோ எடுக்கப் போறீங்களா?"

சிரித்தான். மூன்று கேப்களும் வாயில் பத்திரமாக இருந்தன. என் உள்ளங்கையிலும் மூன்று இருந்தன.

நான்கையும் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். கேலி செய்வான் என்று அவனிடம் காட்டவில்லை. அந்தத் தப்புதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

"இன்னைக்குப் போதும் மாப்ள. வீட்டுக்குள்ள போலாம்."

"ஒரு வாரமா டீசல் ஊத்தி ஊற வச்சிருக்கோம். இது சுத்தாம நான் நகர மாட்டேன்."

என்ஜினின் முன்பக்க நட்டில் சாக்கெட்டை மாட்டி, அதில் இரண்டடி இரும்பு ராடைச் செருகினான். அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். உதறினான். மறுபடி இழுத்தேன். என்னைச் சுவரில் மோதத் தள்ளினான். நான் கத்தினேன். அவனும் கத்தினான். அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கிறது.

3.42.

முழு எடையையும் போட்டு ராடை அழுத்தினான். அசையவில்லை. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நட்டைப் பார்த்தான்.

டக்...

பிளக் இல்லை. பெட்ரோல் இல்லை. பேட்டரி இல்லை.

டக்... டக்...

என்ஜின் தானாகச் சுற்றியது.

ராட் கீழிருந்து எழும்பி அவன் வாயில் அடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஸ்டாண்டை அவன் கை விடவில்லை. ராட் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. அதே இடம்.

மூன்றாம் முறை.

பாய்ந்து ராடைப் பிடுங்கினேன். என்ஜின் நின்றது.

அவன் தரையில் கிடந்தான். வாய் இருந்த இடத்தில் வெறும் ரத்தம்.

வாசலில் என் மனைவி.

என் கையில் ராட்.

அவனுக்குத் தாடை மூன்று துண்டாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று கேப்களும் போயிருந்தன. ஷெட் முழுக்கத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, தீப்பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"என் தம்பிய அடிச்சுட்டு, பல்லையும் பொறுக்கி வச்சிருக்கீங்களா?"

பெட்டியை என் முகத்தில் வீசிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. ஏழு வாரமாகத் தனியாக இருக்கிறேன். அவள் திரும்பி வந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

மைத்துனன் என்னைப் போலீஸில் மாட்டிவிடவில்லை. 'தவறி விழுந்தேன்' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தானாம். நல்ல மனசு என்று நினைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, காலை 9.05க்கு அவனே போன் செய்தான். கம்பியைக் கழற்றிவிட்டார்களாம். பேச்சு குழறியது.

"மாமா... ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வர்றேன். என்ஜின் வேலை பாதியில நிக்குதே."

"அதை எடைக்குப் போட்டுடலாம் மாப்ள."

"அக்காவும் வர்றா. நீங்க ஷெட்ல இருந்தாத்தான் வருவா." போனை வைக்கும் முன் சொன்னான்: "அந்த ராட கழுவி வைங்க."

இன்று காலை, அந்த நாலாவது பல்லை, எனக்கு அளவு அனுப்பும் பல் டாக்டரிடம் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"ஏன் டாக்டர்?"

"இந்த அடைப்பு நான் வச்சது. மூணு வருஷம் முன்னாடி." என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். "வாயத் திறங்க."

திறந்தேன்.

மேல்வரிசை. முன்னால். இடது பக்கம் இரண்டாவது.

அந்தப் பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

நாளை ஞாயிறு.