புது எம்பி ஃபோரில் ஏறாதது

எனக்கு முதலில் இருந்தது எம்பி த்ரீ. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு நிறம். எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். ஒரு பக்கம் சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அதற்காகத்தான் அதை எடுத்தேன். காதில் சொருகிக்கொண்டு பால் வெட்ட முடியாது. பாம்பு வந்தாலும் தெரியாது, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்தாலும் தெரியாது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெட்டுவேன். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கையில் பாட்டும் கூடவே வரும். மர வரிசையை நிரை என்போம். பக்கத்து நிரையில் ஓர் அக்கா வெட்டினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் இல்லை.

"சத்தத்தக் கூட்டு தம்பி. எனக்கும் கேக்கட்டும்லா" என்பார்.

கூட்டுவேன். எங்கள் இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான். பல வருஷம் அப்படி வெட்டினோம்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பட்டன். அழுத்திப் பிடித்தால் பதிவு செய்யும். எனக்கு அது வெகுநாள் தெரியாது. ஒருநாள் இரண்டு பாட்டுக்கு நடுவில் செருப்புச் சத்தம் வந்தது. காய்ந்த இலைமேல் யாரோ நடக்கிறார்கள். பிறகு இருமல். என் இருமல். பையில் பட்டன் அமுங்கி, நான் நடந்ததை அதுவாகப் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். தேடிப் பார்த்தால் அதற்கு முன்னால் நாய் குரைத்ததும், அவள் என்னைக் காலையில் பசியாறக் கூப்பிட்டதும்கூட அப்படியே விழுந்திருந்தன. எனக்கு இவற்றை அழிக்கத் தெரியவில்லை. கிடக்கட்டும் என்று விட்டேன்.

அதன்பிறகு கோயில் திருவிழா வந்தது. உறுமி மேளம் பிடித்திருந்தார்கள். நான் பெட்டியை மேலே தூக்கிப் பிடித்து மேளத்தைப் பதிந்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். நாங்கள் தொரை என்றுதான் சொல்வோம். மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மேளம் நின்றது. நான் பட்டனை நிறுத்த மறந்துவிட்டேன்.

தோட்டம் கைமாறப்போகிறது, மரத்தைச் சாய்த்து வீடு கட்டப்போகிறார்கள் என்று பல மாதமாகப் பேச்சு இருந்தது. நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருபத்தாறு குடும்பம். தொரை மலாயும் தமிழும் கலந்து பேசினார்.

"தோட்டம் வித்தாச்சு. பயப்படாதீங்க. யாரையும் வீடு இல்லாம அனுப்ப மாட்டோம். கோயிலுக்குப் பின்னால நிலம் இருக்கு. இருபத்தாறு குடும்பத்துக்கும் அங்க வீடு கட்டிக் குடுப்போம். கம்பெனி சொல்லித்தான் சொல்றேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். காகிதம் யாரும் கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் மாலையோடு நிற்கிற ஆளிடம் எழுதிக் கொடு என்று கேட்க எங்களுக்கு வராது. அப்போது லயத்தில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் மூன்று நான்கு பேர். அவர்களுக்கும் பதிவு செய்யத் தோன்றவில்லை. என் பெட்டியில் மட்டும் விழுந்திருந்தது. மேளம், பிறகு தொரை, பிறகு கை தட்டல்.

பைப்படியில் உட்கார்ந்து எல்லாரும் கேட்டார்கள். "பத்திரமா வச்சுக்க" என்றார்கள். நானும் சரி என்றேன். ஆனால் தினமும் பால் வெட்டும்போது தொரை பேச்சை யார் கேட்பது? மேளம் முடிந்ததும் அடுத்த பாட்டுக்குத் தட்டிவிடுவேன். கைக்கு அது பழகிவிட்டது.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தான். ஐந்தாம் பாரம் முடித்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை கிடைத்த அன்று சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். தோளில் தட்டினேன்.

தீபாவளிக்கு முன்பு ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்தான். பளபளவென்று எம்பி ஃபோர். கண்ணாடித் திரை. பாட்டும் கேட்கலாம், படமும் பார்க்கலாம்.

"மாமா, எத்தன நாளைக்கு அந்தப் பழச வச்சுகிட்டு? இந்தாங்க."

"எதுக்குலா இது?"

"எனக்கு நீங்க எவ்வளவு செஞ்சீங்க? நான் செய்யக் கூடாதா?"

வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பழசக் குடுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாப் பாட்டையும் இதுல ஏத்தித் தரேன்."

கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் புதியதைக் கொண்டுவந்தான். பாட்டெல்லாம் இருந்தது. வீட்டுக்காரிக்காக நகைச்சுவைக் காட்சிகளும் ஏற்றியிருந்தான். பழசு எங்கே என்றேன்.

"பேட்டரி ஊதிப்போச்சு மாமா. வச்சிருக்கக் கூடாது. தூக்கிப் போட்டுட்டேன்."

நான் அந்தப் புதுப் பெட்டியைக் காட்டாத வீடு இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசல் வாசலாகப் போனேன். மண்டோர் பார்த்துவிட்டு, "கழுத்துல மாட்டிக்க, பொண்டாட்டிக்குத் தாலி, உனக்கு இது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு அது பெருமை.

ஒரு மாதம் கழித்து மேளம் கேட்க ஆசை வந்தது. தேடினேன். இல்லை. மச்சானிடம் கேட்டேன்.

"அது பெரிய ஃபைல் மாமா. புதுசு அத எடுக்கல."

ஃபைல் என்றால் எனக்கு ஆபீசில் இருக்கிற அட்டைதான் தெரியும். படித்தவன் சொல்கிறான் என்று விட்டேன். எனக்கு அப்போது மேளம் போன வருத்தம் மட்டும்தான். மேளத்துக்குப் பின்னால் இருந்தது ஞாபகம் வரவில்லை.

பிறகு ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வேலை செய்த வருஷத்துக்குத் தக்கபடி பணம். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய தொரை மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், அப்படி யார் சொன்னது, எனக்குத் தெரியாது என்றார்.

சிரம்பானிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம். மச்சான் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பங்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

வக்கீல் கேட்டார்: "வீடு தரேன்னு எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?"

பக்கத்து நிரை அக்கா எழுந்தார்.

"எழுத்து எதுக்குங்க ஐயா? தொரை பேசினதே இருக்கு. அந்தத் தம்பி டப்பாவுல."

"குரல் இருக்கா? அத வச்சுக் கம்பெனிகிட்டப் பேசலாமே. எங்க, போடுங்க பாப்போம்" என்றார் வக்கீல்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தேன்.

"அது பழசுல இருந்துச்சுங்க."

"பழசு எங்க?"

மச்சானைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். பெரிய ஃபைல், ஏறவில்லை, பேட்டரி ஊதிவிட்டது, நான்தான் போட்டேன் என்று அவன் சொன்னால் போதும். அவன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தான். தலை நிமிரவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "பழசு இல்லன்னா புதுசு எப்படி வந்துச்சாம்?"

இன்னொருவன்: "சும்மாவா வரும்? குடுத்தாத்தானே வரும்."

என் வீட்டுக்காரி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வெட்டும்போது புதுப் பெட்டியை முதலிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பாட்டையும் கொஞ்சம் கேட்டுவிட்டு அடுத்தது. நிரை முழுக்க அதே வேலை. பழசில் இருந்த வரிசையிலேயே எல்லாம் வந்தன. நாய் குரைத்தது வந்தது. வீட்டுக்காரி என்னைப் பசியாறக் கூப்பிட்டது வந்தது. பிறகு செருப்புச் சத்தம், காய்ந்த இலை, இருமல். அந்தப் பதிவில் ஒரு பாட்டு நீளத்துக்கு நான் நடந்துகொண்டே இருந்தேன். ஒன்றுக்கும் உதவாத அந்த இருமல்கூட ஏறியிருக்கிறது. அதற்கு அடுத்து உறுமி வர வேண்டும். பாட்டு வந்தது.

கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தேன். மீதி மரங்களை அன்று வெட்டவில்லை.

சாயங்காலம் மச்சான் வழக்கம்போல் தேத்தண்ணி குடிக்க வந்தான். எதிரில் உட்காரச் சொன்னேன்.

"என் இருமல் இருக்கு" என்றேன்.

"என்ன மாமா?"

"நான் தவறிப் பதிஞ்ச இருமல். அது இருக்கு. தொரை பேச்சு மட்டும் இல்ல."

"மிஷின்தானே மாமா. செலது விட்டுப்போகும்."

"ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

அவன் தரையைப் பார்த்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. புதுசு வாங்கினப்பவே இதுக்குத்தான் வாங்கினியா? இல்ல, ஏத்தும்போதுதான் பாத்தியா?"

எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. போன பேச்சு திரும்ப வராது. ஏற்றும்போது கேட்டுப் பயந்து அழித்திருந்தால் அது ஒரு மாதிரி. அதற்காகவே கடைக்குப் போய்ப் பார்த்து, விலை கேட்டு, தன் அக்காவுக்குப் பிடித்த காட்சிகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் அது வேறு மாதிரி. அவன் எழுந்தான். வீட்டுக்காரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போ" என்றாள்.

அவன் குடிக்காமல் போனான். அந்தக் குவளையை அவள் வாசலில் கொட்டினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி.

வெளியில் நான் யாரிடமும் அவன் பெயரை எடுக்கவில்லை. லயத்தில், எம்பி ஃபோருக்குத் தொரை பேச்சை விற்றுவிட்டான் என்றே என்னைச் சொன்னார்கள். பால் நிறுக்கிற இடத்தில் எனக்கு முன்னால் நிற்பவன் பின்னால் திரும்பமாட்டான். ஒருநாள் நிரையில் நானாகச் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து நிரை அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். குறைத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் லயம் காலியானது. கோயிலுக்குப் பின்னால் வீடு கட்டினார்கள். எங்களுக்கு இல்லை. அந்த வீடுகளை விற்கிற கம்பெனியின் ஆபீசில் மச்சானுக்கு வேலை. அங்கேயே மூலை வீடு. நாங்கள் மம்பாவில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். நான்காவது மாடி. நான் பள்ளிக்கூடத்தில் புல் வெட்டினேன். வீட்டுக்காரி தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கினாள். தீபாவளிக்குத் தீபாவளி தம்பி வீட்டிலிருந்து பலகாரம் வரும். அவள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவாள். உள்ளே இருந்ததை யாரும் தின்றதில்லை.

எம்பி ஃபோரின் திரை இருண்டுவிட்டது. பாட்டு மட்டும் வரும். தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருமல் முடிந்ததும் கை இன்னும் தயாராகும், மேளம் வரும், பிறகு தட்டிவிட வேண்டும் என்று.

போன வருஷம் ராசா என்கிற ஊரில் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்து நிரை அக்கா அங்கே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. காலடியில் ஒரு கூடை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த டப்பா இன்னும் பாடுதா தம்பி?"

"பாடுதுக்கா."

வீட்டுக்காரி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பேச்ச எடுத்தது என் தம்பி. இவரு இல்ல."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அதை நான் முதல்முதலாகக் கேட்டேன்.

"தெரியும்லா" என்றார் அக்கா.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. டப்பா வாங்கிக் குடுத்தது யாருன்னு லயத்துக்கே தெரியுமே. இவருதானே வாசல் வாசலா வந்து, மச்சான் வாங்கிக் குடுத்தான்னு சொன்னாரு."

"அப்புறம் ஏன்க்கா இவரச் சொன்னீங்க?"

அக்கா பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"எத்தன வருசம் வேல செஞ்சோம்னு எழுதறவன் உன் தம்பி. அவனப் பகைச்சு, அஞ்சு வருசத்தக் கொறச்சு எழுதிட்டான்னா யாருகிட்டப் போயி நிக்கறது? எல்லாருக்கும் அதே பயந்தான். இவரச் சொன்னா இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான்."

பஸ் வந்தது. அக்காவால் கூடையைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கி உள்ளே வைத்தேன்.

"நல்லா இரு தம்பி" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.