மூடி வைத்த லேப்டாப் ஏன் சுடுகிறது?

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் தாராளமாக அப்படியே படிக்கலாம். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பு கிடையாது. ஒவ்வொன்றையும் அந்தந்த நாளே செல்போனில் குறித்து வைத்திருக்கிறேன். அப்போது பேயைப் பற்றி யோசித்துக் குறிக்கவில்லை. திருட்டுத்தனமாக என் லேப்டாப்பை எடுப்பது யார் என்று கண்டுபிடிக்கத்தான் குறித்தேன்.

நடுராத்திரி, மழை, கரண்ட் கட் எல்லாம் இதில் இல்லை. நடந்தது அத்தனையும் பட்டப்பகலில். மதியம் மூன்றிலிருந்து மூன்றே முக்காலுக்குள்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படம் செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து செய்கிறேன். பழைய லேப்டாப்பில் நிறம் சரியாகத் தெரியாது. அதில் வெளிர்பச்சையாக நான் காட்டிய சுவர், வீடு முடிந்தபோது பாசி பிடித்த குளம் மாதிரி வந்து நின்றது. அந்த வீட்டம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். வேலை கொடுக்கும் பில்டர் அவ்வளவு கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்மா" என்றார். அவ்வளவுதான்.

அதனால்தான் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்க முடிவு செய்தேன். கனமான வேலைகளுக்கென்றே செய்யும் வகை. புதிது வாங்க வழியில்லை. எங்கள் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் பழையது ஒன்று வைத்திருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. அதனால் அந்தப் பெயர்.

வாங்குவதற்கு முன் அந்த மாடலைப் பற்றி மற்றவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். ஸ்கிரீனைப் புகழாதவர்கள் இல்லை. உள்ளே இருக்கும் ஃபேனைத் திட்டாதவர்களும் இல்லை. 'மிக்ஸியை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டு வாங்கிவிட்டேன்.

ஸ்கிரீன் உண்மையிலேயே அருமை. மினுமினுப்பே இல்லாத திரை. அணைத்து வைத்தாலும் நம் முகம் அதில் தெரியாது. ஃபேன் சத்தமும் அவர்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பெரிய வீட்டின் படம் ஒன்றைச் செய்யவிட்டால் போதும், காது அடைக்கும். பத்து நாள் எந்த வம்பும் இல்லை.

பதினோராவது நாள், திங்கட்கிழமை. பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வர 3.05க்குக் கிளம்பினேன். லேப்டாப்பை மூடி வைத்தேன். மூடினால் தூங்கிவிடும். ஃபேனும் நின்றுவிடும்.

3.40க்குத் திரும்பி வந்தேன். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது.

உஸ்ஸ்ஸ்ஸ்...

அறைக்குள் போனேன். லேப்டாப் நான் வைத்த மாதிரியே மூடியிருந்தது. மேல்மூடியில் கை வைத்தேன். சுட்டது. இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சூடு. திறந்து பார்த்தேன். உள்ளே எதுவும் ஓடவில்லை. சத்தம் நின்றுவிட்டது.

வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஆள். என் கொழுந்தன். வீட்டுக்காரரின் தம்பி. வேலை போய், இரண்டு மாதமாக எங்களோடு தங்கி, வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் அடுத்தவர் சார்ஜரை எடுத்தால் திருப்பித் தரும் பழக்கம் கிடையாது.

"தம்பி, என் லேப்டாப்ப எடுத்தீங்களா?"

"இல்லையே அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் சொல்லும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அது திருட்டு முழியாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை பாஸ்வேர்டை மாற்றினேன். கிளம்பும்போது மூடியின் மேல் ஒரு ஜெம் கிளிப்பை ஓரமாக வைத்தேன். யாராவது திறந்தால் விழுந்துவிடும். துப்பறியும் வேலையில் நான் இவ்வளவு தேறுவேன் என்று எனக்கே தெரியாது.

3.38க்குத் திரும்பினேன். மூடி சுட்டது. கிளிப் விழவில்லை. யாரோ எடுத்து மேசையின் இடது பக்கம், பேனாவுக்குப் பக்கத்தில் நேராக வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை அறையையே பூட்டிவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். 3.41. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவுக்குப் பின்னால் சத்தம்.

கதவில் காதை வைத்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்டேன். ஃபேன் ஒரே சீராக ஓடும். இது அப்படி இல்லை. ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு நிமிடத்துக்குப் பதினான்கு தடவை. எண்ணினேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் சூடு வெளியேறும் துவாரத்துக்கு அருகே, காலையில் நான் வைத்த வெறும் கண்ணாடி டம்ளர். அது பனி பூத்திருந்தது. வாயை வைத்து ஊதின மாதிரி.

லேப்டாப்பிலிருந்து வருவது வறண்ட அனல். அதில் ஏது ஈரம்?

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மாற்றுச்சாவி ஹால் டிராயரில் இருந்தது. தம்பிக்கு அது தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை 3.41க்குத் திறந்தபோது ஸ்கிரீனில் ஒரு கறை மாதிரி தெரிந்தது. தூக்கிவாரிப்போட்டது. ஸ்கிரீன் போனால் என் பிழைப்பே போயிற்று. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் வைத்துச் சோதித்தேன். கறை நடுவில் இருந்தது. மேலே உருண்டையாக, கீழே இரண்டு பக்கமும் சரிந்து. ஒரு தலை. இரண்டு தோள்.

நிறம் அளக்கும் கருவியைத் திரையில் வைத்தேன். கருவிக்குப் பயமும் தெரியாது, கற்பனையும் தெரியாது. ஓரத்தில் சரியான அளவு. நடுவில் குறைந்தது. 3.46க்கு மறுபடி வைத்தேன். எல்லா இடமும் ஒரே அளவு. கறை இல்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிழல் மாதிரிதான் இருந்தது அது. ஆனால் திரை தானே ஒளிரும் பொருள். எரியும் விளக்கின் மேல் நிழல் விழுமா?

இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தம்பி என்னவோ செய்து ஸ்கிரீனைக் கெடுக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் ஒப்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் தம்பியைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லுடா. அவ வேலையில வெளையாடாத."

"நான் அந்த ரூமுக்குள்ளயே போகலண்ணா."

"அப்ப யாரு போறா?"

தம்பி சமையலறைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. மனசு உறுத்தியது. ஆனாலும், இனி நிம்மதி என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை.

பாப்பாவை அழைத்து வரப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் ஆபீசில். லேப்டாப்பை மூடினேன். அறையைப் பூட்டினேன். இரண்டு சாவியும் என் கையில். ஹால் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ, எறும்பு கிடையாது.

3.05. ஒன்றுமில்லை.

3.09. ஒன்றுமில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. பாவம், தம்பிதான் செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

3.11.

டக். மூடி திறக்கும் சத்தம்.

பிறகு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். க்ர்ர்ர்...

பிறகு ஃபேன்.

எழுந்தேன். சாவியை மூன்றாவது தடவைதான் துவாரத்துக்குள் நுழைக்க முடிந்தது. கதவைத் தள்ளினேன்.

அறையில் யாரும் இல்லை.

மூடி திறந்திருந்தது. திரை முழுக்கச் சாம்பல். நடுவில் அந்தத் தலை, அந்தத் தோள். நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

ஃபேன் ஏறியது. நின்றது. இறங்கியது.

அப்போதுதான் கவனித்தேன்...

நான் மூச்சை இழுக்கும்போது அது ஏறியது. நான் விடும்போது இறங்கியது.

மூச்சை அடக்கினேன்.

சத்தம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று... பதினெட்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை. விட்டுவிட்டேன்.

அது விடவில்லை.

அமைதி.

திரையில் தலை இல்லை. தோள் இல்லை. வெறும் சாம்பல்.

லேப்டாப் எனக்கு முன்னால் இருந்தது.

பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு.

ஈரம்...

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். பாப்பாவும் அக்காவும் வரும் வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்த பிறகுதான் மேலே ஏறினேன். லேப்டாப் மூடியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை 9.30. கண்ணாடிக்காரர் கடையில் லேப்டாப்பை வைத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. "ஃபேன் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, பாருங்க" என்றேன்.

அடிமூடியைக் கழற்றியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, தப்பு என் மேலதான்மா. விக்கிறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணக் கழட்டினேன். ரெண்டு ஃபேனுக்கும் வயர மாட்டவே மறந்துட்டேன்."

"அப்படின்னா?"

"உங்க கைக்கு வந்ததுலேர்ந்து ஃபேன் ஓடவே இல்லன்னு அர்த்தம். சூடு தாங்காம அதுவா அணைஞ்சிருக்கணும். எப்படி வேலை பாத்தீங்க?"

"சத்தம் வந்துச்சே..."

நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "எதுலேர்ந்து?"

லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இதற்கு முன்னால் யார் வைத்திருந்தது என்று கேட்டதற்கு, மொத்தமாக வந்த சரக்கில் ஒன்று, தெரியாது என்றார். பில்டரிடம் உடம்பு சரியில்லை என்று சில நாட்கள் அவகாசம் கேட்டு வாங்கினேன். பொய்யும் இல்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்காரர்தான் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார்.

"மன்னிச்சிருங்க தம்பி. உங்க மேல அநியாயமா பழி போட்டுட்டேன்."



"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நெனக்கல அண்ணி. நான்தான் உங்களத் தப்பா நெனச்சேன்."

"என்ன நெனச்சீங்க?"

"பாப்பாவக் கூப்பிடப் போறேன்னு சொல்லிட்டுப் போவீங்க. கொஞ்ச நேரத்துல பாத்தா ரூம்ல உக்காந்திருப்பீங்க. முதுகு மட்டும் தெரியும். அப்புறம் வாசல் வழியா பாப்பாவோட வருவீங்க. வந்து, லேப்டாப்ப எடுத்தீங்களான்னு என்னையே கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்ட விட்டு என்னை அனுப்பத்தான் நாடகம் ஆடுறீங்கன்னு நெனச்சேன். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ரூமத்தான் பூட்டியிருந்தேனே தம்பி?"

"இல்ல அண்ணி. பாதி தொறந்துதான் இருந்துச்சு."

பாப்பா உள்ளே பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். சரி, அந்தச் சனியன்தான் வீட்டைவிட்டுப் போய்விட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது தம்பி சொன்னார்.

"வியாழக்கிழமை வந்தப்பவாவது ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம் நீங்க."

"எந்த வியாழக்கிழமை?"

"இப்ப போச்சே, அதுதான். சர்டிபிகேட் ஃபைல எடுக்க வந்தேன். வாசல் சாவி என்கிட்ட இருந்துச்சுல்ல. மணி மூணே கால் இருக்கும். ரூம்ல உக்காந்திருந்தீங்க. மேசை மேல ஒண்ணுமே இல்ல. வெறும் மேசையப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. போயிட்டு வரேன் அண்ணின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"திரும்பிப் பாத்துச் சிரிச்சீங்க."

வியாழக்கிழமை மூன்றே காலுக்கு நான் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.