பெருந்துறையில் புறப்படாத பேருந்து

காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் மூச்சில் அந்த விசில் சத்தம் கேட்டது. பெருந்துறைப் பேருந்து நிலையத்தில், இன்னும் புறப்படாத ஒரு தனியார் பேருந்தில் உட்கார்ந்திருந்தோம். நடந்து பத்து நாளாகிறது. இப்போதும் அவள் இருமினால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அறையை எட்டிப் பார்க்கிறேன்.

அன்று சனிக்கிழமை. ஆறேகாலுக்குத் துடியலூரில் நகரப் பேருந்து ஏறினோம், பெண்களுக்குக் கட்டணமில்லை. காந்திபுரத்தில் ஈரோட்டு வண்டி, பெருந்துறைக்கு ஆளுக்கு அறுபத்தெட்டு ரூபாய். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூர். அதன் தொடக்கப் பள்ளியில் பத்தரை மணிக்கு, வீட்டுத் தண்ணீரைத் தாங்களே சோதித்துப் பார்க்க ஊர்ப் பெண்களுக்கு என் மகள் கயல் கற்றுத்தர வேண்டும். அவள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். ஆறு வயதிலிருந்து இளைப்பு உண்டு. அதனால்தான் நானும் கூடப் போனேன்.

இந்தப் பக்கத்துப் பேருந்துகளுக்கு ஒரு வழக்கம். புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே இஞ்சினை உறுமவிடுவார்கள். இரண்டடி முன்னே நகர்த்தி, மறுபடி பின்னே இழுப்பார்கள். கிளம்பிவிட்டது என்று நினைத்து ஆட்கள் ஓடிவந்து ஏறுவார்கள். அன்று மூன்று வண்டிகள் வரிசையாக அப்படி ஆடிக்கொண்டிருந்தன. முன்னால் நின்ற வண்டியின் கரும்புகை எங்கள் சன்னலுக்குள் நேராக வந்தது. கயல் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, கெளம்பற வரைக்கும் இஞ்சினை நிறுத்தி வையுங்களேன். புகை தாங்கலைங்க" என்றேன்.

ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்தார். "நிறுத்துனா ஏறுன சனமெல்லாம் எறங்கி அடுத்த வண்டிக்குப் போயிருமுங்க. பேட்டரி வேற வீக்கு. நீங்க எறங்கித் தள்றதா இருந்தாச் சொல்லுங்க, இப்பவே நிறுத்திப்போடறேன்."

"அக்கா தள்ளுனா வண்டி ஈரோட்டுலதான் போயி நிக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மகளுக்கு இளைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருந்துறையைச் சுற்றி எங்கள் சொந்தபந்தம் அதிகம். அந்த வண்டியில் யார் யாருக்கு உறவோ! வரன் பார்க்க ஆரம்பித்திருக்கும் பெண்ணின் நோயைப் பத்துப் பேர் காதில் விழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசில் சத்தம் கேட்டதும் பையைத் திறந்தேன். இன்ஹேலர் இல்லை. காலையில் சோதனைப் புட்டிகள் உடையாமலிருக்க அவள் பையை நான்தான் பிரித்து அடுக்கினேன். அது சாப்பாட்டு மேசையிலேயே தங்கிவிட்டிருக்க வேண்டும்.

"எங்கம்மா... வெச்சே?" அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. உதடு வெளுத்துவிட்டது.

அப்போதுதான் இஞ்சின் நின்றது. ஓட்டுநரே இறங்கி வந்து, புட்டிகள் இருந்த பையை ஒரு கையிலும் அவள் தோளை ஒரு கையிலுமாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். "பயப்படாதே கண்ணு, மெதுவா மூச்சு உடு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "புள்ளைக்கு இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டனுங்களா?" அவர் குரலில் கோபம் இருந்தது. நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சிறிய கிளினிக். ஒன்பது ஐம்பதுக்கு நெபுலைசர் வைத்தார்கள். பத்தேகாலுக்கு இன்னொரு முறை. அவள் விலா எலும்புகள் உள்வாங்கி எழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூச்சை எத்தனை முறை எண்ணினேன் என்று தெரியாது.

பதினொரு மணிக்கு முகத்தில் நிறம் திரும்பியது. பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் மகளுக்குத் தலைசுற்றல், இந்தக் கிளினிக்கில் இருக்கிறோம், வர முடியாது என்றேன். அங்கேயும் உண்மையைச் சொல்லவில்லை.

"புள்ளையப் பாருங்க மேடம். இங்க வந்தவங்கள்ல பாதிப் பேரு தண்ணியே கொண்டாரலைங்க. சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்காங்க. நான் அனுப்பிச்சர்றேன்" என்றார் அவர்.

உடனே ஊர் திரும்பிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. துடியலூரில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் மேட்டுப்பாளையம் சாலை. அங்கேயும் இதே புகைதான். பதினான்கு வருடமாகச் சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். எங்கே கூட்டிப்போய் இவளை மூச்சுவிட வைப்பது?

பன்னிரண்டு பத்துக்குக் கிளம்ப நான் எழுந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். வெயிலில் வந்த களைப்பு. முந்தானைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில்.

"தண்ணி பாக்கற அம்மணி இவங்களுங்களா? பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தனுங்க. டீச்சர் சொன்னாங்க, பஸ் ஏறி வந்துட்டேன்."

கயல் கட்டிலில் சாய்ந்தபடியே கை நீட்டினாள். "குடுங்கக்கா. அங்கேயே டீச்சர்கிட்ட ஏன் தரலை?"

அந்தப் பெண் பாட்டிலை நீட்டாமல் முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க கெணத்துத் தண்ணிங்க. பையனுக்குப் பல்லெல்லாம் பழுப்பேறிக் கெடக்குது. இப்ப முட்டி வலிக்குதுங்கறான். என்னன்னு பாருங்க. ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க அம்மணி. தண்ணி கெட்டதுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, அவனுக்கு ஆருங்க பொண்ணு குடுப்பாங்க?"