வேதியியலை மூன்றாவதாகப் போட்டேன்

பிள்ளைகளே, நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிப்பவன். சந்தைக்குப் போனால் வேண்டிய பொருளைக் கடைசியில்தான் கேட்பேன். நம் ஆசை தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள்.

என் மகள் செல்விக்குக் கல்லூரியில் வேதியியல் படிக்க ஆசை. விண்ணப்பம் பதியக் கடைசி நாளன்று அவளுக்குக் காய்ச்சல். நானே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், விருப்பப் பாட வரிசையில் முதலில் வணிகவியல், அடுத்து வரலாறு, மூன்றாவதாக வேதியியல் என்று போடச் சொன்னேன். சென்டர்க்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதிந்ததற்கு அவர் கொடுத்த தாளை வீட்டில் பார்த்ததும் செல்வி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, இதென்ன மாட்டுச் சந்தையா? மொதல்ல போட்டதுல எடம் இருந்தா அதையேதான் குடுப்பாங்க!"

"நம்ம ஆசை அவங்களுக்குத் தெரிய வேணாம்னு பாத்தேம்மா."

"தெரியணும்னுதாம்ப்பா கேக்கறாங்க!"

காய்ச்சலோடு என் வண்டியில் ஏறி வந்து, அவளே வரிசையை மாற்றினாள். அன்று மாலைவரை மாற்ற முடிந்ததால் தப்பித்தோம். இப்போது வேதியியல்தான் படிக்கிறாள்.

நானும் இப்போதெல்லாம் வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சந்தையில் விலையைக் கூட்டித்தான் சொல்கிறார்கள், என்ன செய்வது! நீங்களும் பிடித்த பாடத்தை முதலில் போடுங்கள். அப்பா பதியப் போனால் கூடவே போங்கள்.